விடைகள் நடந்துபோன தை மாதம்

இந்தக் கதைக்குள் ஒரு சிரிப்பு இருக்கிறது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவருக்கு மேலே தலையை நீட்டி என்னாச்சு என்று கேட்கிற அளவுக்குச் சிரிக்கிற சிரிப்பு, அதற்கு நான் பொறுப்பு. ஆனால் அதை இப்போதே கேட்கக் கூடாது. கேட்டால் எங்கள் தலைமையாசிரியர் குரலில் "கடைசி பெஞ்சில் யாரது?" என்பேன், அதற்கும் அடங்காவிட்டால் ஆறாம் நம்பர் டவுன் பஸ் கண்டக்டர் குரலில் "உள்ள காலியாத்தான கெடக்கு, தள்ளிப் போனா என்னவே" என்பேன். எந்தக் குரலும் எனக்கு வரும். அம்மா குரலில் அப்பாவைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன். அவர் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்து பத்து நிமிஷம் ஆன பிறகுதான் அம்மா ரேஷன் கடைக்குப் போயிருப்பது அவருக்கு ஞாபகம் வந்தது. என் பெயர் முப்பிடாதி, வயது பதினாறு. சிரிப்பு கடைசியில்தான்.

எங்கள் சங்கரன்மடையில் பாடப்புத்தகத்தை யாரும் திறப்பதில்லை. அரசாங்கம் சும்மா கொடுக்கிற புத்தகத்தில் என்ன இருந்துவிடப் போகிறது என்று பெற்றவர்கள் நினைத்தார்கள், பிள்ளைகள் அதற்கு அட்டை போட்டுப் பெயர் எழுதி வருஷக் கடைசியில் பஸ் ஸ்டாண்டு கடலை வண்டிக்குப் போட்டார்கள், கடலைக்காரர் அதைப் பக்கம் பக்கமாகக் கிழித்துப் பொட்டலம் சுற்றினார். ஊர் படித்தது கைடு. மஞ்சள் அட்டை போட்டது, பாடப்புத்தகத்தின் ஒவ்வொரு கேள்வியும் அதில் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் கீழே தடித்த எழுத்தில் விடை இருக்கும். கேள்வியை முழுதாகக் கேட்பதற்குள் விடையைச் சொல்லி முடிக்கிற பிள்ளையைக் கெட்டிக்காரப் பிள்ளை என்றார்கள். நானும் அப்படித்தான் போன வருஷம் பத்தாம் வகுப்பு தேறினேன். கணக்கில் முப்பத்தைந்து, ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பரீட்சை முடிந்த மறுநாள் தலைக்குக் குளித்தேன், அத்தோடு எல்லாம் போய்விட்டது. பதினொன்றாம் வகுப்பில் கணக்கே இல்லாத குரூப்பாகப் பார்த்துச் சேர்ந்தேன்.

பொங்கல் லீவு முடிந்த செவ்வாய்க்கிழமை காலை, பால்காரர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், ஊரிலிருந்த கைடுகள் எல்லாவற்றிலிருந்தும் விடைகள் எழுந்து நடந்துபோயின. கேள்விகள் அங்கேயே இருந்தன. விடையின் எழுத்துகள் மட்டும் ஒவ்வொன்றாகக் காலை உதறி, கறுப்பு எறும்பாகி, பக்கத்தின் ஓரத்தில் வரிசை பிடித்து, மேசைக் கால் வழியாக இறங்கி, அடுப்படி தாண்டி, வாசல்படிக்குக் கீழே இருந்த கீறலுக்குள் போயின. வகுத்தல் கோடுகள் கட்டெறும்பாகப் போயின, புள்ளிகள் பிள்ளையார் எறும்பாகப் பின்னால் ஓடின. கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்களுக்கு எறும்பு வருவது புதிதில்லை. அந்த எறும்புகள் அரிசிமாவைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போனதைத்தான் கொஞ்சம் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொண்டார்கள்.

முதல் நாள், பலகாரத்தைப் புத்தகத்தில் சிந்தியதற்காகப் பிள்ளைகளுக்கு அடி விழுந்தது. இரண்டாம் நாள் பேரூராட்சியிலிருந்து மருந்துப் பொடியோடு ஒருவர் வந்தார், தாய்மார்கள் தெருவை மறித்து, மிதிச்சிராதீங்க அண்ணாச்சி அதுல எம் மகன் வேதியியல் போகுது என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் நாள், அந்த எறும்பு கடித்தால் விடை உடம்பில் ஏறும் என்று யாரோ சொன்னதில், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரையும் முழங்கை வரை வெல்லப்பாகு தடவி, வடக்குத்தெருச் சுவரோரம் பரீட்சை நம்பர் வரிசையில் நிறுத்தினார்கள்; கடி வாங்கியதென்னவோ நிஜம், வீங்கியதும் நிஜம், ஆனால் காது வீங்கின பிள்ளைக்கு வரலாறு ஏறியதா அறிவியல் ஏறியதா என்று சோதித்தபோது அழுகை மட்டும்தான் வந்தது. ஸ்டேஷனரிக் கடைக்காரர் மதுரையிலிருந்து புதுக் கைடு நூறு வரவழைத்தார், பஸ்ஸிலிருந்து இறக்கும்போதே கட்டிய சணல் முடிச்சு வழியாக அவற்றின் விடைகளும் நடக்கத் தொடங்கின. எழுதிவைத்துக்கொள்வோம் என்று வெளியூர்ப் பிள்ளையின் கைடைப் பார்த்து எழுதி வந்தவர்களின் நோட்டும் சாயங்காலத்துக்குள் வெறும் நோட்டாகிவிட்டது. ஊரிலேயே பேர்போன டியூஷன் வாத்தியார் தேவசகாயம் சார், முப்பது வருஷமாகக் கைடைப் பார்த்தே நடத்தியவர், நாலாம் நாள் குடையை எடுத்துக்கொண்டு தூத்துக்குடியில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். அவரை யாரும் குறை சொல்லவில்லை. அவர் விடைகளும்தானே போய்விட்டன.

பிறகு ஊர் அதற்கும் பழகிக்கொண்டது. சீனி டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைத்தார்கள், காலைப் பார்த்து வைத்து நடந்தார்கள், விடை இல்லாத கைடில் மளிகைச் சிட்டை எழுதினார்கள்.

பழகாத ஆள் ஒன்றே ஒன்றுதான், எங்கள் வீட்டில் இருந்தது. அப்பாவின் தங்கச்சி, பரமகல்யாணி அத்தை. நடுநிலைப்பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் பதினோரு வருஷமாகச் சமையல் உதவியாளர். அங்கே அமைப்பாளராக இருந்த பெண்மணி ஆனி மாதம் ஓய்வு பெறுவார், அந்த இடத்துக்கு அத்தையையே போடலாம் என்று மேலே சொல்லியிருந்தார்கள், பத்தாம் வகுப்பு தேறியிருந்தால். இல்லாவிட்டால் வெளியிலிருந்து ஒருவர் வருவார், அத்தை இன்னும் இருபது வருஷம் அண்டாவுக்குள் தலையை விட்டுத் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். தனித்தேர்வராக எழுதி மற்ற நாலு பாடமும் தேறிவிட்டாள். கணக்கில் மட்டும் ஒரு தடவை முப்பத்தொன்று, மறு தடவை இருபத்தெட்டு. என் பழைய கைடைத்தான் வைத்திருந்தாள், முதல் பக்கத்தில் என் பெயரும் இரண்டு பூவும் போட்டது. சாம்பாரைக் கிண்டிக்கொண்டே அதை மனப்பாடம் பண்ணுவாள், "எனவே உயரம் பன்னிரண்டு செ.மீ., படம் ஏழு புள்ளி மூன்று காண்க" என்று படத்தையும் சேர்த்து ஒப்பிப்பாள். பரீட்சையில் பன்னிரண்டுக்குப் பதில் பதினைந்து என்று மாற்றிக் கேட்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

இப்போது பரீட்சைக்கு இரண்டு மாதம். கைடில் கேள்விதான் இருக்கிறது. தேவசகாயம் சார் நம்பர் கிடைக்குமா முப்பி, போனிலாவது கேட்டுப் பாக்கேன் என்று அத்தை என்னிடம் வந்து நின்றாள்.

சொல்லுங்கள், இப்படி ஒரு வாய்ப்பு தானாக வந்து வாசலில் நின்றால் நான் என்னதான் செய்வது.

அப்பாவின் பழைய பட்டன் போனில் ஒரு சிம் கிடந்தது. சார் நம்பர் மாத்திட்டாராம் அத்தை, இதுதான் புதுசு, சாயங்காலம் அஞ்சரைக்குத்தான் எடுப்பாராம் என்று அந்த நம்பரைக் கொடுத்தேன். அஞ்சரைக்கு அத்தை அண்டா கழுவி முடித்துப் பின்வாசல் துவைகல்லில் உட்காருவாள், ஆறேகாலுக்குத் தெருக்குழாயில் தண்ணீர் வரும். நான் துணி எடுக்கப்போகிறேன் என்று மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். போன் அடித்தது. சார் எதையும் இரண்டு கனைப்புக்குப் பிறகுதான் தொடங்குவார்.

"ம்க்கும், ம்க்கும். யாரும்மா, கல்யாணியா."

அத்தை எழுந்து நின்றுவிட்டாள், அது மாடியிலிருந்தே தெரிந்தது. நான் துண்டைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். ஆனால் நான் சொன்ன சிரிப்பு இது இல்லை, பொறுங்கள்.

ஒரு வாரம் விளையாடிவிட்டு உண்மையைச் சொல்லிவிடலாம் என்பது என் திட்டம். அதில் நான் யோசிக்காத ஒன்று, அத்தை கணக்கு கேட்பாள் என்பது. உருளையின் கன அளவில் ஆரத்தை ஏன் சார் ரெண்டு தடவை பெருக்கணும் என்றாள். எனக்கு என்ன தெரியும், முப்பத்தைந்து மார்க். கனைத்தேன், இருமினேன், சாருக்குப் பொடி போடுகிற வழக்கம் உண்டு என்பதால் மூன்று தும்மல் தும்மினேன், அதற்கு மேல் ஒன்றும் ஓடாமல், எல்லாத்தையும் நானே சொல்லிட்டா நீ எதுக்கும்மா, நீயே யோசிச்சுட்டு நாளைக்குச் சொல்லு என்று வைத்துவிட்டேன். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

மறுநாள் அத்தை அஞ்சு இருபத்தொன்பதுக்கே கூப்பிட்டாள். சத்துணவுக் கூடத்தில் ஒரே உயரத்தில் இரண்டு பாத்திரம் எடுத்து, ஒன்றுக்கு வாய் ஒரு சாண், மற்றதற்கு இரண்டு சாண், சின்னதால் மொண்டு பெரியதில் ஊற்றிப் பார்த்தாளாம்.

"ரெண்டு வாட்டில ரொம்பிரும்னு நெனச்சேன் சார். நாலு வாட்டி ஊத்த வேண்டியிருக்கு. அகலம் இந்தப் பக்கமும் கூடுது, அந்தப் பக்கமும் கூடுதுல்லா, அதான் ரெண்டு தடவ பெருக்குதோம். சரியா சார்?"

சரியா தப்பா என்று சாருக்கே தெரியவில்லை. சார் கீழே இறங்கிவந்து, அலமாரிக்குப் பின்னால் கிடந்த பாடப்புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்து, கழிப்பறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு படித்துப் பார்க்க வேண்டியதாயிற்று. சரிதான் என்று தெரிந்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

இந்த மனுஷி படுத்திய பாடு கொஞ்சமா. நேரம் தவறமாட்டாள், மழை பெய்தாலும் குடையைப் பிடித்துக்கொண்டு துவைகல்லில் இருப்பாள். தப்பாகப் போட்ட கணக்கைக் கிழிக்கமாட்டாள், குறுக்கே ஒரு கோடு போட்டு, எந்த வரியில் தப்பினோம் என்று ஓரத்தில் எழுதிவைப்பாள், பிறகு அந்த ஓரத்தை சாருக்குப் படித்துக் காட்டுவாள். புரியாவிட்டால் வெட்கமே இல்லாமல் புரியலை என்பாள், ஒரு தடவை, இரண்டு தடவை, ஏழு தடவை. விடை வந்தபிறகும் விடமாட்டாள், வேறு வழியில் போட்டால் இதே விடை வருமா என்று திருப்பிப் போட்டுப் பார்ப்பாள். எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாம் விடை வந்ததும் பேனாவை மூடுகிறவர்கள். ஒருநாள் போனிலேயே கேட்டுவிட்டேன், வந்த விடையை வாங்கி வச்சுக்கிட்டுப் போகக் கூடாதாம்மா என்று. உப்புப் போட்டாச்சுன்னு ஒருத்தி சொல்லிட்டா நான் நாக்குல வச்சுப் பாக்காம எறக்குவேனா சார் என்றாள்.

அப்படிப்பட்டவளிடம் மாட்டாமல் தப்பிக்க, நான் நாளைக்கு என்ன கேட்பாள் என்று இன்றைக்கே பார்த்துவைக்க வேண்டியிருந்தது. படித்தேன் என்று சொல்லமாட்டேன். வேவு பார்த்தேன். பார்த்தும் எட்டாத இடங்களில் வேறு ஆளைப் போனுக்குக் கொண்டுவந்தேன்: சார் குளிக்கப் போயிருக்காவ என்று அவர் சம்சாரம், இயற்கணிதத்துக்கு நாசரேத்திலிருந்து எஸ்தர் டீச்சர், வடிவியலுக்கு மூக்கால் பேசுகிற ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மைனசையும் மைனசையும் பெருக்கினால் ஏன் பிளஸ் என்று அத்தை கேட்ட அன்றைக்கு, எஸ்தர் டீச்சர் ஒன்று சொல்ல, சார் அதை மறுக்க, அந்தம்மா கோபித்துக்கொள்ள, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நான் ஒருத்தியே முக்கால் மணி நேரம் சண்டை போட்டேன், கடைசியில் எஸ்தர் டீச்சர் ஜெயித்துவிட்டார், சாருக்காக எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது. நடுவில் போனில் கர்புர்ரென்று ஒரு சத்தம். என்னம்மா என்று சார் கேட்டார். மொளகா வத்தல் நெடி சார், நீங்க சொல்லுங்க என்றாள் அத்தை.

மாசி பிறந்து ஐந்தாறு நாளில் முதல் விடை திரும்பி வந்தது. தையல்காரர் மகள் செண்பகவல்லி, ஜாக்கெட் துணியில் கைக்கு வளைவு வெட்டும்போது ஏதோ ஒரு வட்டக் கணக்கு அவளுக்குத் திடீரென்று விளங்கியதாம். அந்த நிமிஷமே வாசல்படிக் கீறலிலிருந்து ஒரு வரிசை எறும்பு புறப்பட்டு, மேசை ஏறி, அவள் கைடில் அந்தக் கேள்விக்குக் கீழே போய் உட்கார்ந்து எழுத்தாகிவிட்டது. அச்செழுத்தாக வரவில்லை. அவள் கையெழுத்தில், அவள் போடுகிற எழுத்துப்பிழையோடு வந்திருந்தது. ஊரே போய்ப் பார்த்தது. அப்புறம் அங்கொன்றும் இங்கொன்றுமாக விடைகள் வீடு திரும்பின. யார் கண்டுபிடித்தார்களோ அவர்கள் கையெழுத்தில், எந்தக் கைடிலிருந்து போனதோ அந்தக் கைடுக்கே வந்தன. பிள்ளைக்குப் பதிலாகத் தாயார் யோசித்துப் பார்த்த வீட்டில் கைடு முழுக்கத் தாயாரின் கையெழுத்து வந்து அந்தம்மா தலைகுனிய நேர்ந்தது. இதற்கும் ஊர் இரண்டு வாரத்தில் பழகிக்கொண்டது. பஸ் ஸ்டாண்டில் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தால் ஒங்க பிள்ளைக்கு எத்தனை திரும்பியிருக்கு என்றார்கள், எங்களுக்கு இருபத்தாறு, உங்களுக்குப் பதினெட்டுதானா, பரவாயில்ல இன்னும் நாளிருக்கு என்று சந்தோஷமாக வருத்தப்பட்டார்கள்.

எங்கள் வீட்டுக் கைடில் எத்தனை திரும்பியது என்று எனக்குத் தெரியாது. அத்தை அதற்கு நாளிதழில் அட்டை போட்டு, அரிசிப் பானைக்கு மேல் பரணில் வைத்துவிட்டாள். நான் கேட்டதற்கு, கண்ணு பட்டுரும், பரீட்சை முடியட்டும்ட்டி என்றாள். எனக்கென்ன. எறும்பு வரிசை தினமும் அடுப்படியைத் தாண்டிப் பரணுக்கு ஏறுவதைப் பார்த்து, பரவாயில்லையே இந்த மனுஷிக்கு என்று நினைத்துக்கொள்வேன்.

பங்குனியில் கேள்விகள் மோசமாகிவிட்டன. அத்தைக்கு எது தெரியாதோ அதைக் கேட்டால் நியாயம். அவள் எனக்கு எது தெரியாதோ அதைத் தேடித் தேடிக் கேட்கிற மாதிரி இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை கூம்பைப் பிடித்துக்கொண்டாள். கூம்பின் கன அளவு உருளையில் மூன்றில் ஒரு பங்கு என்று போட்டிருக்கே, ஏன் மூணு, ரெண்டா இருந்தா என்ன, நாலா இருந்தா என்ன, திங்கக்கிழமைக்குள்ள சொல்லிருங்க சார் என்று கெடு வேறு வைத்தாள். எஸ்தர் டீச்சருக்கும் தெரியவில்லை, தலைமையாசிரியருக்கும் தெரியவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடலை வாங்கித் தின்றுகொண்டு மாடிக்குப் போனவள், கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தேன். அதுவும் கூம்புதானே. அது ஏதோ ஒரு பாடப்புத்தகத்தின் பக்கம் என்பதும், அதில் பாதி வரியில் இந்தப் பாடமே கிழிந்து நின்றதும் எனக்கு அப்போது ஆச்சரியமாகப் படவில்லை. அதே வாய், அதே உயரத்துக்கு ஒரு ஹார்லிக்ஸ் மூடி, பவுடர் டப்பா என்று தேடி, ஒரு டப்பாவை வெட்டிச் சரிசெய்து, வீடு கட்ட வைத்திருந்த மணலைப் பொட்டலத்தில் அள்ளி டப்பாவில் கொட்டினேன். ஒன்று. இரண்டு. மூன்றாவது பொட்டலத்தில் டப்பா தலை தட்டி நின்றது. சந்தேகமாக இருந்ததால் வேறு அளவில் இன்னொரு பொட்டலம் சுற்றி, இன்னொரு டப்பா. மறுபடியும் மூன்று. தலையெல்லாம் மணல். கீழே பரண் பக்கம் எறும்பு சரசரவென்று போகிற சத்தம் கேட்ட மாதிரி இருந்தது, அதை யார் கவனித்தார்கள். திங்கட்கிழமை சார் பயங்கர மிடுக்காக, பாத்திரத்தில் ஊத்திப் பாரும்மா, நீயே தெரிஞ்சுக்குவ என்று மட்டும் சொன்னார். மணல், பொட்டலம் என்று மூச்சு விடவில்லை. சாருக்கு அதெல்லாம் கௌரவமாக இருக்காது.

அத்தை பரீட்சை எழுதினாள். வைகாசியில் ரிசல்ட் வந்தது. கணக்கில் அறுபத்திரண்டு.

அம்மா அடுப்பை மூட்டிக் கேசரிக்கு ரவை வறுத்தாள், அப்பா வெளியூரிலிருந்து போனில் தங்கச்சியை மேடம் என்று கூப்பிட்டார். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, மொதல்ல சாருக்குச் சொல்லணும் என்று போனை எடுத்தாள். நான் இரண்டிரண்டு படியாகத் தாவி மாடிக்கு ஓடினேன். இன்றைக்குத்தான் அந்த நாள், இன்றைக்கு நான் உண்மையைச் சொல்வேன், அத்தை ஆவென்று வாயைப் பிளப்பாள், நான் விழுந்து விழுந்து சிரிப்பேன், இரண்டு மாதம் பட்ட பாட்டுக்கெல்லாம் கூலி. மூச்சு வாங்க எடுத்தேன்.

"ம்க்கும், ம்க்கும். சொல்லும்மா கல்யாணி."

அறுபத்திரண்டு சார் என்றாள். அடுத்து மெதுவாகப் பேசினாள்.

"ஒங்களுக்கும் ஒண்ணும் தெரியாதுன்னு மூணாம் நாளே எனக்குத் தெரியும் சார். தப்பா எடுத்துக்காதீங்க. தெரிஞ்ச ஆளு முன்னாடி எனக்கு வாயே வராது. தெரியாத ஆளு ஒருத்தர் கூட ஒக்காந்து முழிச்சதுனாலதான் எனக்குப் பயமே இல்லாமப் போச்சு."

நான் சொல்லவந்தது மறந்துபோய், சார் குரலிலேயே, அதுக்கென்னம்மா என்றேன்.

"முப்பி பக்கத்துல இருந்தா ஒண்ணு சொல்லிருங்க சார். பரண்ல கைடு இருக்கு, நூத்திப் பன்னெண்டாம் பக்கம் பாக்கச் சொல்லுங்க."

சொல்லுதேம்மா என்று வைத்துவிட்டுப் பாதிப் படி இறங்கியபோதுகூட எனக்கு ஒன்றும் தட்டவில்லை. தூத்துக்குடியில் இருக்கிற சாருக்குப் பக்கத்தில் நான் எப்படி இருப்பேன் என்று கேட்கத் தோன்றவில்லை. அடுப்படியில் ஸ்டூலைப் போட்டு ஏறிப் பரணிலிருந்து கைடை எடுத்தேன். உள்ளே ஏறக்குறைய எல்லாக் கேள்விக்கும் கீழே விடை உட்கார்ந்திருந்தது. அத்தையின் கையெழுத்து உருண்டை உருண்டையாக, கோலப் புள்ளி மாதிரி இருக்கும்; முதல் பத்துப் பக்கம் அதுதான். உருளைக்குக் கீழே, ஒரு சாண் வாய், இரண்டு சாண் வாய், நாலு வாட்டி. அதற்குப் பிறகு நடுநடுவே வேறு ஒரு கையெழுத்து, வலது பக்கம் சாய்ந்து, அவசரமாக, துணைக்காலை வால் மாதிரி இழுத்துவிட்ட கையெழுத்து. மைனசுக்கு மைனஸ் அதில்தான் இருந்தது, ஓரத்தில் "எஸ்தர் டீச்சர் ஜெயம்" என்று வேறு. பக்கத்தைப் புரட்டப் புரட்ட அதுவே கூடிக்கொண்டு போயிற்று, ஒரு பக்கம் உருண்டை, ஒரு பக்கம் சாய்வு. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், கூம்பு பற்றிய கேள்விக்குக் கீழே, பெரிதாக எழுதியிருந்தது: "கடலைப் பொட்டலம் மூணு, டப்பா ஒண்ணு. ரெண்டு தடவை பார்த்தாச்சு."

பொட்டலத்தைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்த வாலை உலகத்தில் என்னைத் தவிர யாரும் இழுப்பதும் இல்லை. முதல் பக்கத்தில் என் பெயரிலேயே அது இருக்கிறது, இரண்டு பூவுக்கு நடுவில்.

கைடைப் பிடித்துக்கொண்டு ஸ்டூல் மேலேயே நின்றேன். பின்வாசலில், துவைகல் பக்கம், யாரோ முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரிக்கிற சத்தம், மிளகாய் வற்றல் நெடியில் வருகிற அதே கர்புர், அது அடங்காமல் வெடித்துச் சுவர் தாண்டிப் போக, பக்கத்து வீட்டுக்காரர்கள் தலையை நீட்டி என்னாச்சு கல்யாணி என்று கேட்டார்கள். அதற்குப் பதிலாக இரண்டு கனைப்புக் கேட்டது. அச்சு அசலாக தேவசகாயம் சார்.

"ம்க்கும், ம்க்கும். என்னம்மா முப்பிடாதி, சரியா?"